டாஸ்மேனியாவில் ‘கடைசியாக’ மொழி பேசியவர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவின் பழங்குடி மொழிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ‘அந்த மக்கள் பூண்டோடு அழிந்துவிட்டார்களாமே’ என்றுதான் முதலில் சொல்வார்கள். நம் பள்ளிப் பாடங்களிலும் பொது அறிவுப் புத்தகங்களிலும் அந்த ஒரு வரிதான் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மொழிகளுக்கு நேர்ந்தது ஒன்று, மக்களுக்கு நேர்ந்தது வேறொன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் எழும் கேள்விகளுக்கே இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டாஸ்மேனியாவில் பேசப்பட்டது எந்த மொழி?

ஒரே மொழி இல்லை. கிட்டத்தட்ட இலங்கை அளவுள்ள அந்தத் தீவில் பல மொழிகள் வழங்கின. குறைந்தது எட்டு என்பார்கள் சிலர், பன்னிரண்டு என்பார்கள் சிலர். எஞ்சியிருக்கும் சொற்பட்டியல்களை 2012-இல் கணினி உதவியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு, பன்னிரண்டு மொழிகள் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. வடக்கே இருந்தவர்களின் பேச்சு தெற்கே இருந்தவர்களுக்குப் புரியாது என்பதை அன்றைய வெள்ளையர்களே குறித்து வைத்திருக்கிறார்கள்.

மனிதர்கள் அங்கே வாழத் தொடங்கி சுமார் 40,000 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது அது தீவாக இல்லை, தரைவழியாக ஆஸ்திரேலியாவோடு ஒட்டியே இருந்தது. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது, பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, அந்த நிலம் நீரில் மூழ்கிவிட்டது. இப்போது அந்த இடத்தில் பாஸ் நீரிணை இருக்கிறது. அதற்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் வரும்வரை அந்த மக்களும் மொழிகளும் தனியாகவே இருந்தார்கள்.

பல்லாயிரம் ஆண்டு நிலைத்த மொழிகள் நூறே ஆண்டில் எப்படிப் போயின?

1803-இல் ஆங்கிலேயர்கள் ரிஸ்டன் கோவ் என்ற இடத்தில் குடியேறினார்கள். செம்மறி ஆடுகளுக்கு மேய்ச்சல் நிலம் தேடி அவர்கள் உள்ளே போகப் போக, பழங்குடிகளின் வேட்டை நிலம் பறிபோனது. 1820-களின் நடுவில் அது போராகவே வெடித்தது. 1828-இல் ஆளுநர் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். 1830-இல் படைவீரர்கள், குடியேறியவர்கள், கைதிகள் என்று சுமார் 2,200 பேரைச் சங்கிலிபோல வரிசையாக நிறுத்தி, வேட்டைக் களத்தில் மிருகங்களை விரட்டுவது போல மக்களைத் தீவின் ஒரு மூலைக்கு விரட்டப் பார்த்தார்கள். அந்த வரிசையில் சிக்கியவர்கள் வெகு சிலர்தான். ஆனால் அதற்கு முன்பே துப்பாக்கியும் நோயும் பெரும்பாலானவர்களைக் கொன்றிருந்தன.

இதே காலத்தில் வந்தவர் ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன். கட்டுமானத் தொழில் செய்து வந்தவர். ‘என்னோடு வாருங்கள், பாதுகாப்பு தருகிறேன்’ என்று பேசிப் பேசியே, மிஞ்சியிருந்தவர்களை பாஸ் நீரிணையில் இருக்கும் ஃப்ளிண்டர்ஸ் தீவிலுள்ள வைபலென்னா என்ற குடியிருப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சுமார் 200 பேர் அங்கே நாடு கடத்தப்பட்டார்கள். நெஞ்சுச் சளியும் நிமோனியாவும் ஒவ்வொருவராகக் கொண்டுபோயின. 1847-இல் அந்த முகாமை மூடி, தலைநகர் ஹோபார்ட்டுக்குத் தெற்கே ஆய்ஸ்டர் கோவ் என்ற இடத்துக்கு மாற்றியபோது உயிரோடு இருந்தவர்கள் 47 பேர்.

மொழி என்ற கோணத்தில் பார்த்தால் வைபலென்னாதான் பெரிய அடி. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத பல கூட்டத்தாரை ஒரே இடத்தில் அடைத்தார்கள். அவர்கள் தங்களுக்குள் ஒரு கலப்புப் பேச்சை உருவாக்கிக்கொண்டார்கள், ஆங்கிலச் சொற்களும் அதில் சேர்ந்தன. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து மதபோதகர் வீட்டிலும் ஹோபார்ட் அநாதை விடுதியிலும் வளர்த்தார்கள். அம்மாவின் மொழியைக் கேட்டு வளர வேண்டிய வயதில் பிள்ளைகள் அம்மாவோடு இல்லை.

இதையும் சொல்ல வேண்டும்: அங்கே இருந்தவர்கள் கைகட்டி நிற்கவில்லை. வால்டர் ஜார்ஜ் ஆர்தர் உள்ளிட்டவர்கள் 1846-இல் விக்டோரியா அரசிக்கே மனு எழுதி, தங்களை நடத்தும் விதத்தைப் பற்றி முறையிட்டார்கள். நாங்கள் சரணடைந்த கைதிகள் இல்லை, உடன்பாடு செய்துகொண்டு வந்தவர்கள் என்பது அவர்கள் வாதம்.

‘கடைசி டாஸ்மேனியர்’ ட்ருகனீனி என்று படித்திருக்கிறேனே?

எல்லோரும் அப்படித்தான் படித்திருக்கிறோம். ட்ருகனீனி புரூனி தீவில் 1812 வாக்கில் பிறந்தவர். ராபின்சனின் பயணங்களில் வழிகாட்டியாகப் போனவர். 1876 மே 8 அன்று ஹோபார்ட்டில் இறந்தார். அவரோடு ஓர் இனமே முடிந்துவிட்டது என்று அரசும் பத்திரிகைகளும் அறிவித்தன.

அப்படி அறிவித்ததில் அரசுக்கு வசதி இருந்தது. ஆட்களே இல்லை என்றால் நிலத்தைக் கேட்க யாரும் வர மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு ஆட்கள் இருந்தார்கள். பாஸ் நீரிணைத் தீவுகளில் கடல்நாய் வேட்டைக்காரர்கள் பழங்குடிப் பெண்களைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேப் பேரன் தீவில் ஊராகவே வாழ்ந்தார்கள். ‘கலப்பு’ என்று சொல்லி அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

ட்ருகனீனிக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. 1869-இல் வில்லியம் லேன் என்ற பழங்குடி மனிதர் இறந்தபோது, ஆராய்ச்சி என்ற பெயரில் பிணத்திலிருந்து மண்டையோட்டைத் திருடினார்கள். தனக்கும் அப்படி நடந்துவிடக் கூடாது என்று ட்ருகனீனி கெஞ்சினார். இறந்து மூன்று ஆண்டுகளுக்குள் அவரைத் தோண்டி எடுத்தார்கள். 1904 முதல் 1947 வரை அவருடைய எலும்புக்கூடு ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. 1976-இல்தான், நூறு ஆண்டு கழித்து, அவரைத் தகனம் செய்து, அவர் பிறந்த மண்ணை ஒட்டிய கடலில் சாம்பலைக் கரைத்தார்கள். 2021-இல் அந்த அருங்காட்சியகமும் டாஸ்மேனிய ராயல் சங்கம் என்ற அறிவியல் அமைப்பும் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டன.

அப்படியானால் மொழியைக் கடைசியாகப் பேசியவர் யார்?

பெரும்பாலும் சொல்லப்படும் பெயர் ஃபேனி காக்ரேன் ஸ்மித். 1834-இல் வைபலென்னாவிலேயே பிறந்தவர். தாய் தங்கனுதுரா. ஏழு வயது வாக்கிலேயே அவரைப் பிரித்து மதபோதகர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் பட்டது கொடுமை. பிறகு அநாதை விடுதி. 1847-இல் ஆய்ஸ்டர் கோவுக்கு மாறிய பிறகு தாயோடும் அக்காவோடும் இருக்க முடிந்தது. 1854-இல், தண்டனைக் கைதியாக வந்து விடுதலையான வில்லியம் ஸ்மித் என்ற மரம் அறுக்கும் தொழிலாளியைத் திருமணம் செய்துகொண்டார். பதினொரு பிள்ளைகள்.

சிறு வயதில் அத்தனை அடி வாங்கியும் அவர் மொழியை விடவில்லை என்பதுதான் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. ஆய்ஸ்டர் கோவ் குடியிருப்பில் பெரியவர்களோடு இருந்த காலத்தில் பாட்டுகளைக் கற்றார். கூடை பின்னினார், கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தார், காட்டுக்குப் போய் உணவும் மருந்தும் சேகரித்தார். ஒரு பக்கம் தீவிரமான மெதடிஸ்ட் கிறிஸ்தவர், கோயில் கட்ட நிலம் கொடுத்தவர். இன்னொரு பக்கம் முன்னோர் பாட்டை எல்லார் முன்னாலும் பாடியவர். இரண்டும் அவருக்கு ஒன்றோடொன்று முட்டவில்லை.

1880-களில் டாஸ்மேனிய அரசு அவரைக் கடைசிப் பழங்குடி என்று ஏற்று, ஆண்டுக்கு 50 பவுண்டு உதவித்தொகையும் 300 ஏக்கர் நிலமும் வழங்கியது. இது பலருக்குப் பொறுக்கவில்லை. ஹென்றி லிங் ராத் என்ற மானிடவியலாளர், அவருடைய புகைப்படத்தையும் தலைமுடியையும் வைத்துக்கொண்டு ‘இவர் முழு ரத்தம் இல்லை’ என்று 1898-இல் கட்டுரை எழுதினார். மொழி தெரிந்த ஒரு பெண் உயிரோடு இருக்கும்போது, அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்பதை விட்டுவிட்டு மயிரை ஆராய்ந்தார்கள்.

அவர் குரல் பதிவாகியிருக்கிறது என்பது உண்மையா?

உண்மை. டாஸ்மேனியாவின் பழங்குடி மொழி எதையும் பேசியோ பாடியோ பதிவான அந்தக் காலத்து ஒலி அது ஒன்றுதான். 1899-இல் ராயல் சங்கத்துக்காக முதலில் பதிவு செய்தார்கள். 1903-இல் ஹொரேஸ் வாட்சன் மீண்டும் பதிவு செய்தார். வாட்சன் ஹோபார்ட்டில் மருந்துக்கடை வைத்திருந்தவர். ‘கீன்ஸ் கறி’ என்ற பெயரில் அங்கே இன்றும் விற்கும் மசாலாத்தூள் வியாபாரமும் அவர் மனைவி வீட்டாருடையதுதான். ஊருக்கு மேலே மலைச்சரிவில் கல் அடுக்கி அந்தப் பெயரை எழுதி வைத்தவரும் அவரே.

பதிவான கருவி எடிசன் ஃபோனோகிராஃப். மெழுகு உருளை ஒன்று சுற்றும். அதன் முன்னால் பெரிய குழல். குழலுக்குள் பாடினால், ஒலியின் அதிர்வில் ஊசி மெழுகில் கோடு கீறும். ஓர் உருளையில் இரண்டு நிமிடம் வாக்கில்தான் பிடிக்கும். திரும்ப ஓட்டும்போதும் ஊசி அதே மெழுகின் மேல்தான் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கொஞ்சம் தேயும். இதில் பூஞ்சணம் வேறு பிடிக்கும். ஃபேனி குழலுக்கு நேராக நின்று பாட, எதிரே வாட்சன் கருவியைக் கவனித்துக்கொள்ளும் 1903-ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று இருக்கிறது.

இன்று கேட்டால் பெரும்பகுதி இரைச்சல்தான், எண்ணெயில் கடுகு பொரிவது போல. அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து அழுத்தமான, தயக்கமில்லாத ஒரு பெண் குரல் வருகிறது. வசந்த காலப் பாட்டு ஒன்று உண்டு. ஆங்கிலத்திலும் பேசுகிறார்: தன் பெயர் ஃபேனி ஸ்மித், ஃப்ளிண்டர்ஸ் தீவில் பிறந்தவள், டாஸ்மேனியர்களில் தான்தான் கடைசி என்கிறார்.

பதினொரு பிள்ளை பெற்றவர் தன்னையே ‘கடைசி’ என்று ஏன் சொன்னார் என்று கேட்பீர்கள். அந்தச் சொல்லுக்குத்தான் அரசு நிலமும் பணமும் கொடுத்தது, அந்தச் சொல்லைத்தான் விமரிசகர்கள் பிடுங்கப் பார்த்தார்கள். அதை அவர் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஃபேனி 1905 பிப்ரவரியில் இறந்தார். 2017-இல் அந்தப் பதிவுகள் யுனெஸ்கோவின் ஆஸ்திரேலிய நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

1905-ஓடு மொழி முடிந்ததா?

சரளமாகப் பேசுவது முடிந்தது எனலாம். சொற்கள் முடியவில்லை. எர்னஸ்ட் வெஸ்ட்லேக் என்ற ஆங்கிலேயர் 1908 முதல் 1910 வரை டாஸ்மேனியாவில் சுற்றி, ஃபேனியின் பிள்ளைகளையும் பாஸ் நீரிணைத் தீவுக்காரர்களையும் சந்தித்தார். அவர்களுக்கு இன்னும் நினைவிலிருந்த சொற்களைக் குறித்துக்கொண்டார்.

இன்னும் ஆச்சரியம், 1972-இல் மொழியியலாளர்கள் போனபோது ஃபேனியின் பேத்திகள் இருவருக்கு ஐந்து சொற்களும் ஒரு வாக்கியமும் ஒரு சின்னப் பாட்டும் தெரிந்திருந்தன. போன ஆய்வாளர்கள் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவுகட்டித் திரும்பினார்கள். இலக்கணம் எழுத அது போதாது, சரிதான். ஆனால் ஓர் இனமே இல்லை என்று அறிவித்து 96 ஆண்டுகள் கழித்து, பாட்டி சொல்லித் தந்த பாட்டை ஒரு கிழவி பாடிக் காட்டுகிறார். ‘ஐந்து சொல்தானே’ என்று என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை.

எழுத்தில் என்ன மிஞ்சியது? அதை நம்பலாமா?

நிறையவே மிஞ்சியது, எல்லாம் சொற்பட்டியல்கள். 1777-இல் கேப்டன் குக்கின் கப்பல் மருத்துவர் சில சொற்களை எழுதினார். 1790-களில் பிரெஞ்சுக்காரர்கள் எழுதினார்கள். ஜோசப் மில்லிகன் என்ற மருத்துவர் வைபலென்னா, ஆய்ஸ்டர் கோவ் ஆகிய இரண்டு இடங்களிலும் இருந்தவர்களிடம் கேட்டு நீண்ட பட்டியல் தயாரித்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய களஞ்சியம் ராபின்சனின் நாட்குறிப்புதான். அந்த மக்களை மண்ணைவிட்டுக் கொண்டுபோனவரின் கையெழுத்திலேயே அவர்கள் சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது. பிரையன் ப்ளாம்லி என்ற அறிஞர் அந்த நாட்குறிப்புகளை 1966-இலும், எல்லாச் சொற்பட்டியல்களையும் ஒன்றுசேர்த்து 1976-இலும் வெளியிட்டார்.

சிக்கல் என்னவென்றால், எழுதியவர்கள் யாரும் மொழி படித்தவர்கள் இல்லை. ஒரே சொல்லை ஒருவர் ஒரு மாதிரி எழுதினால் மற்றவர் வேறு மாதிரி எழுதினார். எழுதியவர் ஸ்காட்லாந்துக்காரரா லண்டன்காரரா என்பதைப் பொறுத்தே எழுத்துக்கூட்டல் மாறும். வாக்கியங்கள் மிகக் குறைவு. யாரோ ஒருவர் சொன்ன கதை, ஒரு சண்டை, ஒரு கேலிப்பேச்சு என்று நீளமாக எதுவும் ஒழுங்காக எழுதப்படவில்லை.

தமிழுக்கும் இந்த மொழிகளுக்கும் உறவு உண்டா?

நம்மவர்கள் கண்டிப்பாகக் கேட்கும் கேள்வி. இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல், ஆஸ்திரேலிய மொழிகளின் தன்மை, முன்னிலைப் பெயர்களைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டார். அதன்பிறகு பலர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் உறவு உண்டு என்று காட்டும் ஆதாரம் எதுவும் நிலைக்கவில்லை.

ஆஸ்திரேலியப் பெருநிலத்து மொழிகள் பலவற்றில் நம் ந, ன, ண, ஞ, ங போலத் தனித்தனி மெல்லின ஒலிகள் உண்டு. தமிழ்க் காதுக்கு அது பழகியதுபோல இருக்கும். ஒலி ஒத்திருந்தால் மட்டும் உறவாகிவிடாது. டாஸ்மேனிய மொழிகளோ பெருநிலத்து மொழிகளுக்கே உறவா என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சான்று குறைந்தவை. அவற்றைத் தமிழோடு முடிச்சுப் போடுவது அந்த மக்களுக்கு நாம் செய்யும் நியாயம் ஆகாது. இருக்கிற கொஞ்சமாவது அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

பலவா கானி என்றால் என்ன?

இன்று டாஸ்மேனியப் பழங்குடி மக்கள் பேசவும் கற்பிக்கவும் செய்யும் மொழி. 1990-களின் தொடக்கத்தில் டாஸ்மேனியப் பழங்குடி மையம் இந்தப் பணியைத் தொடங்கியது. எந்த ஒரு பழைய மொழியையும் முழுசாக மீட்கச் சான்று போதாது என்பதால், பல மொழிகளில் எஞ்சிய சொற்களைச் சேர்த்து ஒரே மொழியாக அமைத்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைத்த எல்லா எழுத்துக்கூட்டல்களையும் அடுக்கி, எழுதியவரின் ஊர்ப்பேச்சையும் கணக்கில் எடுத்து, உண்மையான உச்சரிப்பு எதுவாக இருந்திருக்கும் என்று பார்த்துப் பார்த்து முடிவு செய்தார்கள். ஃபேனியின் பதிவுகளும் இதற்குக் கைகொடுத்தன.

இது செயற்கை மொழிதானே என்று சிலர் குறை சொல்வார்கள். வைபலென்னாவில் பல கூட்டத்தாரைப் பிடித்து அடைத்தபோது அவர்களும் பல மொழி கலந்துதான் பேசினார்கள். இன்றைய தலைமுறை அந்தக் கூட்டங்கள் எல்லாவற்றின் வழியாகவும் வந்தது. வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்று குறை சொல்பவர்கள் சொல்லட்டும்.

வெளியாட்கள் அதைக் கற்கலாமா?

பொதுவாக வகுப்பு நடத்துவதில்லை. முதலில் தங்கள் மக்கள் கற்று முடிக்கட்டும், மொழி தங்கள் கையில் இருக்கட்டும் என்பது மையத்தின் நிலைப்பாடு. கடைப் பெயர், பொருள் பெயர் என்று வணிகத்துக்குப் பயன்படுத்தவும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறார்கள். 2012-இல் விக்கிப்பீடியாவில் இருந்த பலவா கானி பக்கத்தை நீக்கச் சொன்னார்கள். மொழிக்குக் காப்புரிமை கிடையாது என்று சொல்லி விக்கிமீடியா நிறுவனம் மறுத்துவிட்டது. சட்டப்படி அந்தப் பதில் சரியாகவே இருக்கலாம். மண்டையோட்டைக்கூட விட்டுவைக்காத ஒரு வரலாற்றிலிருந்து வந்தவர்கள், சொற்களையாவது எங்களைக் கேட்டு எடுங்கள் என்கிறார்கள். என் மனம் அவர்கள் பக்கம்தான்.

இன்று அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? மொழியை எங்கே காணலாம்?

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டாஸ்மேனியாவில் சுமார் 30,000 பேர் தங்களைப் பழங்குடியினர் என்று பதிவு செய்திருக்கிறார்கள். பாஸ் நீரிணைத் தீவுகளில் ‘மட்டன் பேர்ட்’ எனப்படும் கடற்பறவைக் குஞ்சுகளைப் பிடிக்கும் பருவத்துக்கு இன்றும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். சின்னஞ்சிறு கடற்சிப்பிகளைக் கோத்து மாலை செய்யும் கலை, தாயிடமிருந்து மகளுக்கு என்று இடையில் அறுபடாமல் வந்திருக்கிறது. 1995-இல் வந்த ஒரு சட்டத்தின்படி ரிஸ்டன் கோவ், ஆய்ஸ்டர் கோவ் உள்ளிட்ட பன்னிரண்டு இடங்கள் அவர்களிடம் திரும்பின. 1999-இல் வைபலென்னாவும் திரும்பியது.

பயணியாகப் போனால் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். 2013 முதல் அரசு இரட்டைப் பெயர்களை அதிகாரபூர்வமாக ஏற்று வருகிறது. ஹோபார்ட்டுக்குப் பின்னால் நிற்கும் வெலிங்டன் மலைக்கு ‘குனான்யி’ என்றும் பெயர். கேப் பேரன் தீவு ‘த்ருவானா’. டாஸ்மேனியாவையே ‘லுத்ருவிதா’ என்றும், ஹோபார்ட்டை ‘நிபலுனா’ என்றும் சொல்வதை வானொலியிலும் பொதுக்கூட்டங்களிலும் கேட்கலாம். கூட்டங்களைத் தொடங்கி வைக்கும் பழங்குடிப் பெரியவர்கள் ‘யா புலிங்கினா’ என்று வரவேற்பார்கள். எழுத்தில் பார்த்தால், ஊர்ப்பெயர், ஆள்பெயர் எதற்கும் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து போடாமல் எல்லாம் சின்ன எழுத்திலேயே இருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள், அது அவர்கள் வேண்டுமென்றே வைத்துக்கொண்ட முறை.